கைப்பிடியில் சுற்றிய றப்பர்

வரலாற்று மூலாதாரங்கள் எவை என்று கேட்டால் எனது தரம் ஆறு மாணவர்கள்கூட யோசிக்காமல் பதில் சொல்வார்கள். கல்வெட்டு, நாணயம், ஓலைச்சுவடி, கட்டட இடிபாடு என்று வரிசையாக ஒப்புவிப்பார்கள். இருபது வருடங்களாக அந்த வரிசையை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருபவன் நான். அப்படிப்பட்ட நான், என் வீட்டு மாட்டுக்கொட்டிலில் கிடந்த ஒரு மூலாதாரத்தை என் கையாலேயே அழித்தேன். அழித்த பிறகுதான் அது எந்த வரலாற்றுக்கு உரியது என்று தேடத் தொடங்கினேன். இந்தக் கட்டுரை அந்தத் தேடலின் விளைவு.

2021ஆம் ஆண்டின் கடைசியில், கொட்டிலைத் திருத்துவதற்காக உள்ளே கிடந்த பழைய சாமான்களை வெளியில் எடுத்தோம். உரச்சாக்குகளுக்கு அடியில் வாப்பாவின் மெசின் வாள் கிடந்தது. சங்கிலி வாளுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். பெயர்த்தகடு எப்போதோ கழன்று போயிருந்தது. பூசியிருந்த நிறம் என்னவென்று சொல்ல முடியாதபடி எண்ணெய்ப் பிசுக்கும் மரத்தூளும் சேர்ந்து இறுகியிருந்தன.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு கிழக்குக் கரையைச் சூறாவளி தாக்கியபோது வாப்பாவுக்கு இருபத்து மூன்று வயது. மறுநாள் விடிந்தபோது தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. வீதியெங்கும் மரங்கள். அந்த மரங்களை அகற்ற வந்தவர்களோடு கூலிக்குச் சேர்ந்துதான் வாப்பா இந்த வேலையைப் பழகினார். பிறகு ஒரு பழைய வாளைச் சொந்தமாக வாங்கி, 1990இல் காட்டுப்பக்கம் போக முடியாத நிலை வரும்வரைக்கும் அதைக்கொண்டுதான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. நான் பிறந்ததும் எழுத்துப் பழகியதும் அந்த வாளின் உழைப்பில்தான்.

அதைத் திருத்திப் பழையபடி ஓடவைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அன்றே வந்தது. மண்ணெண்ணெயில் தோய்த்த துணியும் கம்பித் தூரிகையுமாக முற்றத்தில் உட்கார்ந்தேன். முன் கைப்பிடியைச் சுற்றிச் சைக்கிள் ரியூப்பை நீளவாக்கில் கீறி, இறுக்கமாகப் பல சுற்றுச் சுற்றி, முனையைக் கம்பியால் கட்டியிருந்தது. றப்பர் வெடித்து, கறுத்து, பார்க்க அருவருப்பாக இருந்தது. கத்தியால் அறுத்து எடுத்து, எரிந்துகொண்டிருந்த குப்பைக்குள் எறிந்தேன்.

திண்ணையில் இருந்த வாப்பா அதைப் பார்த்தார்.

“என்ன மனே, அதையும் கழட்டிப்போட்டியா?”

“ஊத்தையாக் கிடந்திச்சி வாப்பா. கம்பனிச் சாமானும் இல்லையே அது.”

அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அப்போது அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

*

பழைய சங்கிலி வாள்களைத் தேடி எடுத்துத் திருத்திவைப்பவர்கள் அமெரிக்கா, கனடா, ஜேர்மனி, சுவீடன், அவுஸ்திரேலியா என்று பல நாடுகளில் இருக்கிறார்கள். இந்த வாளைத் திருத்துவதற்கு வழி தேடப்போன எனக்கு, அவர்கள் பேணிவைத்திருக்கும் கைந்நூல்களும் காப்புரிமைப் படங்களும் உதவின. படிக்கப் படிக்க, கருவி பற்றிய தேடல் அதைப் பிடித்த கைகளைப் பற்றிய தேடலாக மாறிப்போனது.

சங்கிலி வாளின் மூதாதை காட்டில் பிறக்கவில்லை. அது மருத்துவர்களின் கருவியாகவே தோன்றியது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜோன் எயிட்கின், ஜேம்ஸ் ஜெவ்றி என்ற இரு ஸ்கொட்லாந்து மருத்துவர்கள், பல் வைத்த சிறு கண்ணிகளைக் கோத்து ஒரு நுண்ணிய சங்கிலியைப் பயன்படுத்தினர். இரு முனையிலும் பிடி வைத்துக் கையால் இழுப்பது அது. பிள்ளைப்பேறு தடைப்படும் வேளையில் இடுப்பெலும்பின் இணைப்பை வெட்டி விரிப்பதற்கும், நோயுற்ற எலும்பை அகற்றுவதற்கும் அது பயன்பட்டது. 1830இல் ஜேர்மனியின் வூர்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த பேர்ன்ஹார்ட் ஹைன என்பவர், ஓர் அலகைச் சுற்றிச் சங்கிலி ஓடும்படியும், அதைக் கைப்பிடியால் சுழற்றும்படியும் எலும்பு வெட்டும் கருவியொன்றை அமைத்தார். இன்றைய வாளின் உருவம் அதில் தெரிகிறது.

மரத்துக்கு இந்த எண்ணம் வந்துசேர மேலும் முக்கால் நூற்றாண்டு சென்றது. கலிபோர்னியாவின் மாபெரும் செம்மரங்களை வீழ்த்துவதற்காக, சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த சாமுவேல் பென்ஸ் 1905இல் முடிவில்லாச் சங்கிலி வாள் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் தொழிலாளியின் கைக்கு வந்த வாள்கள் பெரும்பாலும் ஜேர்மனியில் உருவானவை. அன்ட்ரியாஸ் ஸ்டீல் 1926இல் மின்சாரத்தில் இயங்கும் வாளைச் செய்தார். அதன் நிறை ஏறத்தாழ 64 கிலோ. அடுத்த ஆண்டு எமில் லெர்ப் என்பவர் துரிங்கியாவிலுள்ள டொல்மார் மலையில் பெற்றோல் வாளொன்றைச் சோதித்துப் பார்த்தார். அந்த மலையின் பெயரே பிறகு கம்பனியின் பெயரானது. 1929இல் ஸ்டீலின் பெற்றோல் வாளும் வந்தது. அது 46 கிலோ.

இந்த நிறைகளை வெறும் எண்களாக வாசித்துவிட்டுப் போகக்கூடாது. ஒரு மூடை சீமெந்து 50 கிலோ. ஏறக்குறைய ஒரு சீமெந்து மூடையை, அது உறுமிக்கொண்டும் நடுங்கிக்கொண்டும் இருக்கும்போது, இருவர் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிப்பிடித்து மரத்துக்கு எதிரே நிற்பதைக் கற்பனை செய்துபார்த்தால் அந்தக் காலத்துக் காட்டு வேலை எப்படியிருந்தது என்பது ஓரளவு விளங்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அலுமினிய, மக்னீசிய வார்ப்புகள் மலிந்தபோது வாள் மெலிந்தது. 1949இல் அமெரிக்காவின் மக்கலக் நிறுவனம் 25 இறாத்தல் நிறையுள்ள வாளை வெளியிட்டது. 1950இல் ஸ்டீல் ஒருவரே தூக்கும் 16 கிலோ வாளைக் கொண்டுவந்தது. அதே நிறுவனம் 1959இல் வெளியிட்ட ‘கொன்ட்ரா’ 12 கிலோதான். ஆனால் 6 குதிரைவலு. இடையில் பற்சக்கரம் எதுவும் இல்லாமல் இயந்திரம் நேரடியாகவே சங்கிலியை ஓட்டியது. பழைய வாள் சேகரிப்பவர்கள் விரும்பித் தேடும் வாள்களில் அதுவும் ஒன்று. துப்பாக்கி செய்வதற்காக 1689இல் தொடங்கப்பட்ட சுவீடனின் ஹுஸ்க்வர்னாவும் அதே 1959இல்தான் தனது முதலாவது சங்கிலி வாளை வெளியிட்டது.

சங்கிலியின் பல்லுக்கும் ஒரு கதை உண்டு. முந்திய சங்கிலிகள் கைவாளின் பல்லைப் போலவே மரத்தைச் சுரண்டின. மா மாதிரித் தூள் வரும், பல் சீக்கிரம் மழுங்கும், நாள் முழுவதும் அரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தில் மரவெட்டியாக இருந்த ஜோசப் கொக்ஸ் 1946இல் ஒரு மரக்கட்டைக்குள் வண்டின் புழுவொன்றைக் கண்டார். அது தனது இரண்டு தாடைகளாலும் இடமும் வலமுமாக மரத்தைச் சீவிக்கொண்டு, நார் நெடுக்கானாலும் குறுக்கானாலும் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தாடையைப் பார்த்தே வளைந்த பல்லை உருக்கில் செய்து, 1947இல் புதிய சங்கிலியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைய வாள்களில் ஓடும் சங்கிலியெல்லாம் அதன் வழிவந்ததே.

*

இந்த விபரங்களைத் தெரிந்துகொண்டு திரும்ப வாளுக்கு முன்னால் உட்கார்ந்தபோது, அதன் உறுப்புகள் எனக்கு வேறுவிதமாகத் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஏதோவொரு காலத்தில் யாரோ ஒருவருக்கு ஏற்பட்ட தொல்லைக்குக் கிடைத்த பதில்.

காபரேட்டரை எடுத்துக்கொள்வோம். பழைய வாள்களின் காபரேட்டருக்குள் மோட்டார் சைக்கிளில் உள்ளதுபோல மிதவை இருந்தது. வாளைச் சரித்தால் பெற்றோல் ஒழுங்காக வராது. நின்ற மரத்தைத் தறிக்க வாளைப் படுக்கையாகவும், விழுந்த மரத்தைத் துண்டாட நிமிர்த்தியும் பிடிக்க வேண்டுமல்லவா? அதற்காக அலகை மட்டும் திருப்பிப் பூட்டுகின்ற ஏற்பாடு சில வாள்களில் இருந்தது. மிதவைக்குப் பதிலாக மெல்லிய சவ்வு வைத்த காபரேட்டர் வந்த பிறகுதான் வாளை எந்தப் பக்கமும் திருப்பலாம் என்றானது. எங்கள் வாளில் இருந்தது சவ்வுதான். முப்பது வருடம் காய்ந்து, நோன்புகாலத்து வடைக்கு விரிக்கும் எண்ணெய்த்தாள் போல மொடமொடத்துக் கிடந்தது. கட்டாரில் வேலை செய்யும் என் மச்சான்தான் புதிய சவ்வு வாங்கி அனுப்பினார்.

பிஸ்டன் இறுகியிருந்தது. பிளக்கைக் கழற்றி, துளைக்குள் மெல்லிய ஒயிலை விட்டு, ஒரு கிழமை காத்திருந்து, சுத்தியல் போடாமல் மெதுவாக அசைத்தேன். பத்தாம் நாள் அசைந்தது. மக்னட் சில்லுக்குப் பின்னால் இருந்த பொயின்டில் துரு படிந்து நெருப்புப்பொறி வரவில்லை. மெல்லிய அரத்தாளால் தேய்த்து, கண்டென்சரை மாற்றியதும் பிளக்கின் நுனியில் நீலப்பொறி பாய்ந்தது. எங்கள் சந்தியில் கராஜ் வைத்திருக்கும் பாஸ் “சேர், இனிப் பெற்றோல் ஊத்துறது மட்டும்தான் பாக்கி” என்றார்.

ஆனால் அது 2022ஆம் ஆண்டு. பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசையில் நின்ற காலம். பாடசாலைகள் மூடப்பட்டிருந்ததால் எனக்கு நேரம் இருந்தது, வாளுக்கு ஊற்றத்தான் எதுவும் இருக்கவில்லை. கியூஆர் முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கிடைக்கத் தொடங்கிய பிறகு, அதிலிருந்து கால் லீற்றரை எடுத்து, வாப்பா சொன்ன அளவுக்கு ஒயில் கலந்தேன்.

நாலாம் இழுவையில் வாள் உயிர்பெற்றது. அயலில் உள்ள பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்துவிட்டார்கள். நான் இரு கையாலும் பிடித்து வேகத்தைக் கூட்டினேன். அலகும் சங்கிலியும் பூட்டவில்லை. வெட்டுவதற்கு மரமும் இல்லை. வெறுமனே இரண்டு நிமிடம் பிடித்திருப்பேன். நிறுத்திவிட்டு வைத்த பின்னரும் விரல்களுக்குள் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. அன்று மதியம் சோற்றைப் பிசையும்போதும் அந்தக் கூச்சம் முழுதாகப் போகவில்லை.

“ரெண்டு நிமிசத்துக்கே இப்பிடியா?” என்று வாப்பா சிரித்தார். பிறகு சொன்னார்: “அதுட நடுக்கம் படுத்தாலும் விடாது மனே. ராவு முழுக்க கைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கும். அதுக்குத்தான் அந்த ரியூப்பச் சுத்தினது.”

*

வாப்பாவின் விரல் நுனிகளுக்கு உணர்வு குறைவு என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் அறிந்த விடயம். சட்டைத் தெறி பூட்ட நேரம் எடுக்கும். சட்டைப்பைக்குள் கையை விட்டால் எது ஐந்து ரூபாய்க் குற்றி, எது பத்து ரூபாய்க் குற்றி என்று வெளியில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். சுடு தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டே இருப்பார், உம்மாதான் பறித்து வைப்பார். இதை நாங்கள் வயது என்றும் நரம்புத் தளர்ச்சி என்றும் சொல்லிக்கொண்டோம். ஒருமுறை வைத்தியரிடம் காட்டியபோது சீனி வருத்தமா என்று சோதித்தார்கள். சீனி இல்லை. விற்றமின் குளிசை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். என்ன தொழில் செய்தீர்கள் என்று அங்கு யாரும் கேட்கவில்லை. உடனிருந்த நானும் சொல்லவில்லை.

நோயாளியிடம் அவனது தொழிலைக் கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கு முதன்முதலில் வற்புறுத்தி எழுதியவர் இத்தாலியரான பேர்னார்டினோ ரமசினி. தொழிலாளர் நோய்கள் பற்றிய அவரது நூல் வெளிவந்தது 1700இல். முந்நூறு வருடத்துக்கு முன் எழுதப்பட்ட கேள்வி எங்கள் வீட்டுக்கு வந்துசேரவில்லை.

வாப்பாவின் வாளில் இயந்திரமும் கைப்பிடியும் ஒரே உடம்பு. நடுவில் எதுவும் இல்லை. இயந்திரம் நிமிடத்துக்கு 6000 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொண்டால், அது செக்கனுக்கு 100 அதிர்வு. மணித்தியாலத்துக்கு 3 இலட்சத்து 60 ஆயிரம். ஒரு நாளில் ஐந்து மணித்தியாலம் வாளைப் பிடித்த ஒருவரின் உள்ளங்கைக்குள் 18 இலட்சம் அதிர்வுகள் இறங்கும். வாப்பா பன்னிரண்டு வருடம் பிடித்தார். மிகுதிக் கணக்கை வாசகர்களே போட்டுக்கொள்ளலாம்.

இந்த நோய் வாளுக்கு முன்பே அறியப்பட்டது. காற்றழுத்தக் கருவி பிடித்த சுரங்கத் தொழிலாளர்களின் கைகளை லோரிகா என்ற இத்தாலிய மருத்துவர் 1911இல் விபரித்தார். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் பெட்போர்ட் பகுதியில் சுண்ணாம்புக்கல் செதுக்குபவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதை, அலிஸ் ஹமில்டன் என்ற பெண் மருத்துவர் 1918இல் நேரில் போய் ஆராய்ந்து எழுதினார். ஒருவர் தூக்கும் வாள் காடுகளுக்குள் பரவிய பின்னர், 1960களில் ஜப்பான், சுவீடன், பின்லாந்து, பிரித்தானியா என்று பல நாடுகளின் வனத் தொழிலாளர்களிடம் அதே நோய் காணப்பட்டது. ‘வெள்ளை விரல்’ என்று அதற்குப் பெயர். ஜப்பானில் தொழிற்சங்கங்கள் போராடியதன் பயனாக, வாள் பிடிக்கும் நேரம் ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் என்று வரையறுக்கப்பட்டது. பிரித்தானியாவில் 1985இல் அது நட்டஈட்டுக்குரிய தொழில்நோய்களின் பட்டியலில் சேர்ந்தது.

கருவி செய்தவர்களும் பதில் தேடினார்கள். இயந்திரத்தையும் அலகையும் ஒரு பாகமாகவும், கைப்பிடிகளை வேறொரு பாகமாகவும் பிரித்து, இரண்டையும் தடித்த றப்பர்க் குமிழ்களால் இணைத்தார்கள். அதிர்வு றப்பரில் செத்து, மிச்சம்தான் கைக்கு வரும். 1960களின் நடுப்பகுதியில் ஸ்டீல் இந்த முறையைக் கையாளத் தொடங்கியது. 1969இல் ஹுஸ்க்வர்னா தனது 180ஆம் இலக்க வாளின் கட்டமைப்போடு சேர்த்தே இதைச் செய்தது. 1970களின் முற்பகுதியில், வாள் துள்ளி முகத்தை நோக்கி வரும்போது சங்கிலியை நிறுத்துகின்ற தடுப்பும் வந்துசேர்ந்தது.

அதன் பலன் என்ன? பின்லாந்தில் சுவோமுஸ்சால்மி என்ற பிரதேசத்தின் வனத் தொழிலாளர்களை ஆய்வாளர்கள் 1972 முதல் தொடர்ந்து பரிசோதித்து வந்தார்கள். 1972இல் 100 பேரில் 40 பேருக்கு வெள்ளை விரல் இருந்தது. 1990இல் 100 பேரில் 5 பேருக்கு மட்டுமே. அதே காலத்தில் வாள்களின் கைப்பிடியில் அளக்கப்பட்ட அதிர்வு ஏழில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. இந்த நான்கு எண்களையும் வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1972, 1990 என்ற அந்த இரு ஆண்டுகளுக்கு நடுவில்தான் வாப்பாவின் பன்னிரண்டு வருடமும் கிடக்கிறது. விடை கண்டுபிடிக்கப்பட்டு, ஓரிடத்தில் கைகள் குணமாகிக்கொண்டிருந்த அதே காலத்தில், விடை வந்துசேராத இடத்தில் வாப்பா நின்றார். றப்பர்க் குமிழ் இல்லாத பெரிய வாள்கள் வெப்ப நாடுகளின் காடுகளில் அதன் பின்னரும் நெடுங்காலம் ஓடின.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாப்பாவின் விரல்கள் ஒருபோதும் வெளுக்கவில்லை. புத்தகத்திலுள்ள படங்களில் விரல்கள் மெழுகுபோல வெளுத்திருந்ததைப் பார்த்துவிட்டு, இது வாப்பாவின் வருத்தம் அல்ல என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. விரல் வெளுப்பதற்குக் குளிர் வேண்டும். வெப்ப நாட்டுத் தொழிலாளர்களிடம் வெளுப்பு அரிதாகவே காணப்படுவதாகவும், விறைப்பும் உணர்விழப்புமே அவர்களிடம் முன்னுக்கு நிற்பதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. நோய்க்குப் பெயர் வைத்தவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். தாங்கள் கண்ட நிறத்தைப் பெயராக வைத்தார்கள். எங்கள் கைகளில் அந்த நிறம் தெரியாததால் அந்த நோயும் தெரியாமல் போனது. பெயரும் ஒரு மூலாதாரம்தான். யார் எங்கே நின்று பார்த்தார்கள் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடுகிறது.

*

பழைய வாள் சேகரிப்பவர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சியினர் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, கம்பனியிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே நிறம்பூசி, புதிய எழுத்து ஒட்டி, கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். மறு கட்சியினர் இயந்திரத்தை மட்டும் ஓடச்செய்துவிட்டு, தேய்ந்ததைத் தேய்ந்தபடியே, கீறலைக் கீறலாகவே விட்டுவிடுவார்கள். முற்றத்தில் கத்தியோடு உட்கார்ந்தபோது, இப்படி ஒரு வழக்கு இருப்பதே தெரியாமல் நான் முதற்கட்சியில் சேர்ந்திருந்தேன். கம்பனி செய்தது மட்டும்தான் அசல், தொழிலாளி சேர்த்தது ஊத்தை என்று முடிவுசெய்தேன்.

வாப்பா சுற்றிய ரியூப் பெரிதாக ஒன்றையும் தடுத்திருக்காது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மெல்லிய றப்பர் விரைவான சிறு நடுக்கத்தை ஓரளவு குறைக்குமே தவிர, கைக்குக் கூடுதலாகக் கேடு செய்யும் கனத்த அதிர்வைத் தடுக்காது. கையுறைகளின் நிலையும் ஏறத்தாழ இதுதான். ஆனாலும் இயந்திரத்துக்கும் கைக்கும் நடுவில் றப்பர் வேண்டும் என்ற எண்ணம் சரியானது. ஜேர்மனியிலும் சுவீடனிலும் பொறியியலாளர்கள் வரைபட மேசையில் கண்ட அதே உண்மையை, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட ஒரு கூலியாள், தன் கை வலித்த வலியில் கண்டுகொண்டார். அவரிடம் இருந்தது ஒரு சைக்கிள் ரியூப் மட்டும்தான். தன் கை கெட்டுப்போவதை அவர் அறிந்திருந்தார் என்பதற்கும், அதைத் தடுக்க முயன்றார் என்பதற்கும் இருந்த ஒரேயொரு எழுதப்படாத சாட்சி அது. அதை நான் எரித்தேன்.

இப்போது எங்கள் கொட்டிலில் ஐந்து வாள்கள் இருக்கின்றன. நான் பழைய வாள் தேடுகிறேன் என்று கேள்விப்பட்டவர்கள் கொண்டுவந்து தந்தவை. ஒன்றில் சங்கிலிக்கு ஒயில் விடப் பெருவிரலால் அமத்துகின்ற பம்ப் இருக்கிறது. ஒன்றில் கைக்கு முன்னால் வெறும் தகடு மட்டும். இன்னொன்றில் அந்தத் தகடே சங்கிலித் தடுப்பாக மாறியிருக்கிறது. ஒன்றில் றப்பர்க் குமிழ்கள் இருக்கின்றன. அலகும் சங்கிலியும் இல்லாமல், கால வரிசைப்படி அவற்றை அடுக்கி வைத்திருக்கிறேன். தரம் பத்து மாணவர்களைக் கூட்டிவந்து, கைத்தொழிற் புரட்சி பற்றிய பாடத்தை ஒருமுறை அங்கேயே நடத்தினேன். எந்த உறுப்பு யாருடைய காயத்துக்குப் பதிலாக வந்தது என்று கேட்டு, அவர்களையே கண்டுபிடிக்கச் சொன்னேன். பாடப்புத்தகத்தில் இல்லாத இந்தக் கேள்விக்கு அவர்கள் நன்றாகவே பதில் சொன்னார்கள்.

வாப்பாவின் வாளுக்கு நான் நிறம் பூசவில்லை. வெறும் கம்பியாக நின்ற அந்தக் கைப்பிடி மட்டும் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. புதிய ரியூப் ஒன்றை வாங்கி நானே சுற்றிவிடலாமா என்று யோசித்தேன். அது போலி ஆவணம் தயாரிப்பதற்குச் சமம் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன். ஒருநாள் பின்னேரம் வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்பதுபோலப் பேச்சைத் தொடங்கினேன்.

“அதுக்கென்ன மனே. பழைய ரியூப் ஒண்டு கொண்டுவா” என்றார்.

கொண்டுவந்து கொடுத்தேன். நீளவாக்கில் கீறச் சொன்னார். கீறிக் கொடுத்தேன். வாளை மடியில் வைத்து, முனையைப் பெருவிரலால் அமத்திக்கொண்டு, சுற்றத் தொடங்கினார். விரலுக்கு இறுக்கம் தெரியாததால் ஒவ்வொரு சுற்றையும் குனிந்து கண்ணால் பார்த்துப் பார்த்து இழுத்தார். இரண்டு முறை வழுகிக் கழன்றது. உதவிக்குப் போன என் கையைத் தட்டிவிட்டார். மஃரிபுக்கு பாங்கு சொல்லும் நேரத்தில்தான் முடித்தார். கம்பியால் கட்டும் வேலையை மட்டும் எனக்கு விட்டுத் தந்தார்.

வாளின் பக்கத்தில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். அதில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘கைப்பிடியிலுள்ள றப்பர் கம்பனியால் இடப்பட்டதல்ல. இந்த வாளில் வேலை செய்தவர் இட்டது. முதலில் இட்டது 1980களில். திருத்தியவரின் அறியாமையால் 2021இல் அழிக்கப்பட்டது. அதே தொழிலாளியின் கையால் 2022இல் மீண்டும் சுற்றப்பட்டது.’